வரி எங்கே மடங்க வேண்டும்?

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம், உளுந்தூர்ப்பேட்டை, திருக்கோவிலூர், கல்வராயன்மலை. இவை ஆறும் கள்ளக்குறிச்சி மாவட்டத்து வட்டங்களின் பெயர்கள். இம்மாவட்டம் 2019ஆம் ஆண்டு நவம்பரில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவாயிற்று. பின்னர் வாணாபுரம் என்னும் வட்டமும் இவற்றோடு சேர்ந்துகொண்டது. கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு, இக்கட்டுரையில் முதல் ஆறு பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இம்மாவட்டத்து மாணவர்களுக்காக ஓர் இணையப் பக்கம் தயாரிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் மேற்புறத்தில் ஆறு பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வட்டத்தின் பெயர். தம் வட்டத்தின் பொத்தானை அழுத்தினால், அங்குள்ள மாணவர் விடுதிகள், நூலகங்கள் பற்றிய விவரம் கிடைக்கும். பக்கத்தை ஆக்கியவர் நகரத்தில், அகலமான கணிப்பொறித் திரையில் அதைப் பார்க்கிறார். ஆறு பொத்தான்களும் ஒரே வரிசையில் அழகாக நிற்கின்றன. வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்.

அதே பக்கத்தைக் கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையில் ஒரு மாணவி சிறிய கைப்பேசியில் திறக்கிறாள். முதல் இரண்டு பொத்தான்கள் தெரிகின்றன. மூன்றாவது பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. மற்றவை திரையின் வலது விளிம்புக்கு அப்பால் எங்கோ இருக்கின்றன. அவளுக்கு வேண்டிய ‘கல்வராயன்மலை’ என்னும் பொத்தான் வரிசையில் கடைசி. அது இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது!

பொத்தான்களை மடக்கி, அடுத்தடுத்த வரிகளில் வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எந்த இடத்தில் மடக்குவது? அதை யார் முடிவு செய்வது? பார்ப்பதற்குச் சிறியதாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குள் அளவியல், கணிதம், தமிழ் எழுத்தின் இயல்பு ஆகிய மூன்றும் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகக் காண்போம்.

அகலம் தெரியாத காகிதம்

அச்சகங்களில் ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில், கம்பாசிட்டர் எனப்பட்ட அச்சுக்கோப்பவர் கையில் ஒரு சிறு உலோகத் தட்டு இருக்கும். பக்கத்தின் வரி எவ்வளவு அகலமோ, அவ்வளவு அகலத்துக்கு அதை முன்கூட்டியே பொருத்திவைப்பார். எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வருவார். அடுத்த சொல்லுக்கு இடம் போதாது என்று கண்டால், மிஞ்சிய இடத்தில் வெற்றுத் துண்டுகளைச் செருகி வரியை நிறைத்துவிட்டு, அடுத்த வரிக்குப் போவார். அவருக்கு ஒரு வசதி இருந்தது: காகிதத்தின் அகலம் அவருக்குத் தெரியும். அது மாறாது.

இணையப் பக்கத்துக்கு அந்த வசதி இல்லை. டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் இணையத்தளத் திட்டத்தை முன்வைத்தபோதே, ஒரே ஆவணத்தைப் பலவகைக் கணிப்பொறிகளில் படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கமாக இருந்தது. எனவே பக்கத்தை எழுதுபவருக்கு, அதைப் படிப்பவரின் ‘காகிதம்’ எவ்வளவு அகலம் என்று தெரியாது. பல கைப்பேசிகளில் அது 360 பிக்சல். மேசைக் கணிப்பொறியில் 1366 அல்லது 1920 பிக்சலாக இருக்கலாம்.

இங்கே பிக்சல் என்பதைத் திரையிலுள்ள ஒளிப்புள்ளி என்று எண்ணிவிடக் கூடாது. பக்க அமைப்பில் பயன்படும் பிக்சல் உண்மையில் ஒரு கோண அளவு. ஓர் அங்குலத்தில் 96இல் ஒரு பங்கு நீளத்தை, கை நீட்டும் தூரமாகிய 28 அங்குலத்துக்கு அப்பால் வைத்தால், அது கண்ணில் ஏற்படுத்தும் கோணம் சுமார் 0.0213 பாகை. அதுவே ஒரு பிக்சலுக்கு அடிப்படை. கைப்பேசியை நாம் கண்ணுக்கு அருகில் பிடிப்பதால், அதில் ஒரு பிக்சலின் நீளம் குறைவாக இருந்தாலும் போதுமானது.

பக்கத்தின் தோற்றத்தை விவரிப்பதற்கென்று சி.எஸ்.எஸ். என்னும் விதிமொழியை 1994இல் ஹோகோன் வியூம் லீ முன்மொழிந்தார். அதன் முதல் தரநிலை 1996 டிசம்பரில் வெளிவந்தது. பக்கம் திறந்த பின்னரும் அதில் மாற்றம் செய்ய உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியை 1995இல் பிரெண்டன் ஐக் உருவாக்கினார். விதிமொழி ஒன்று, நிரல்மொழி ஒன்று: இவ்விரண்டின் பங்கீடுதான் நம் கட்டுரையின் பொருள்.

ஆறு அட்டைகளை அடுக்கிப் பாருங்கள்

கணிப்பொறி வேண்டாம்; ஒரு கெட்டி அட்டை, கத்தரிக்கோல், அடிக்கோல் போதும். ஆறு பெயர்களையும் எழுதி, கீழ்க்கண்ட அகலங்களில் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள்.

கள்ளக்குறிச்சி 7 செ.மீ., சங்கராபுரம் 6 செ.மீ., சின்னசேலம் 5 செ.மீ., உளுந்தூர்ப்பேட்டை 9 செ.மீ., திருக்கோவிலூர் 8 செ.மீ., கல்வராயன்மலை 8 செ.மீ.

அடுத்தடுத்த இரு துண்டுகளுக்கிடையே 1 செ.மீ. இடைவெளி விட வேண்டும் என்பது நிபந்தனை. ஆறையும் ஒரே வரியில் வைக்க எவ்வளவு இடம் வேண்டும்? துண்டுகளின் கூடுதல் 43 செ.மீ.; இடைவெளிகள் ஐந்து; ஆக 48 செ.மீ.

இனி மேசைமேல் இரண்டு குச்சிகளைச் செங்குத்தாக 24 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். இதுவே நமது திரை. துண்டுகளை வரிசை மாறாமல் இடமிருந்து வலமாக அடுக்குங்கள். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் ஆகிய மூன்றும் சேர்ந்து 20 செ.மீ. பிடிக்கும். நான்காவதையும் வைத்தால் 30 செ.மீ. ஆகிவிடும், இடம் போதாது. எனவே உளுந்தூர்ப்பேட்டை இரண்டாம் வரிக்குப் போகிறது. அதனுடன் திருக்கோவிலூர் சேர்ந்து 18 செ.மீ. ஆகிறது. கல்வராயன்மலை மூன்றாம் வரியில் தனித்து நிற்கிறது.

இப்போது குச்சிகளை மெல்ல மெல்ல நெருக்கிக்கொண்டே வந்து, எத்தனை வரிகள் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். 48 செ.மீ. அல்லது அதற்குமேல் இருந்தால் 1 வரி. 27 முதல் 47 வரை 2 வரிகள். 17 முதல் 26 வரை 3 வரிகள். 15, 16 ஆனால் 4 வரிகள். 12 முதல் 14 வரை 5 வரிகள். 9 முதல் 11 வரை 6 வரிகள்.

இதை வரைபடத்தாளில் குறித்தால் வழுவழுப்பான வளைகோடு கிடைக்காது. மாடிப்படி போன்ற உருவம் கிடைக்கும். அகலம் தொடர்ச்சியாக மாறுகிறது. வரிகளின் எண்ணிக்கையோ படிப்படியாகத் தாவுகிறது. தண்ணீரைச் சூடாக்கும்போது வெப்பநிலை சிறிது சிறிதாக ஏறினாலும், 100 பாகை செல்சியஸில் நிலைமாற்றம் திடீரென நேர்கிறது அல்லவா? அதுபோன்றதொரு தாவல் இது. 27 செ.மீ. திரையில் சரியாக இருந்த பக்கம் 26இல் வேறு உருவம் கொள்கிறது. ஒரே ஒரு திரையில் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி” என்று சொல்ல முடியாதது இதனால்தான்.

விதி செய்யும் வேலை

நாம் கையால் செய்த இதே வேலையை உலாவி செய்வதற்கு ஒரு விதி இருக்கிறது. ஃபிளெக்ஸ்பாக்ஸ் எனப்படும் நெகிழ்வுப் பெட்டி முறையின் முதல் வரைவு 2009இல் வெளிவந்தது. பல மாற்றங்களுக்குப் பின் 2012இல் ஏறக்குறைய இன்றைய வடிவத்தை எட்டியது. பொத்தான்களை உள்ளடக்கிய பெட்டியை நெகிழ்வுப் பெட்டி என்று அறிவித்துவிட்டால், ‘ஃபிளெக்ஸ்-ராப்’ என்னும் பண்பு மடக்குதலைத் தீர்மானிக்கும். அதற்கு மூன்று மதிப்புகள் உண்டு.

‘நோராப்’ என்றால் மடக்காதே என்று பொருள். எதுவும் சொல்லாவிட்டால் உலாவி இதையே எடுத்துக்கொள்ளும். வெள்ளிமலை மாணவிக்குப் பொத்தான் மறைந்ததன் காரணம் இப்போது விளங்குகிறதா? யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை. ஒரு சொல் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

‘ராப்’ என்றால், இடம் போதாதபோது மடக்கு என்று பொருள். நம் அட்டை விளையாட்டு இதுவே. ‘ராப்-ரிவர்ஸ்’ என்றாலும் மடக்கும். ஆனால் வரிகளைக் கீழிருந்து மேலாக அடுக்கும். முதல் வரி அடியில் இருக்கும்.

வரியில் மிஞ்சும் இடத்தையும் விதியே பங்கிட்டுத் தரும். எல்லாப் பொத்தான்களும் சமமாக வளரலாம் என்று சொல்லிவிட்டால், 24 செ.மீ. திரையில் முதல் வரியில் மிஞ்சிய 4 செ.மீ.யை மூன்று பொத்தான்கள் பகிர்ந்துகொள்ளும்; இரண்டாம் வரியில் மிஞ்சிய 6 செ.மீ.யை இரண்டு பொத்தான்கள் ஆளுக்கு 3 செ.மீ. வீதம் எடுத்துக்கொள்ளும். மூன்றாம் வரியில் தனித்து நிற்கும் கல்வராயன்மலை, மிஞ்சிய 16 செ.மீ.யையும் தானே எடுத்துக்கொண்டு 24 செ.மீ. நீளத்துக்கு விரிந்துவிடும்! ஒவ்வொரு வரியும் தன் கணக்கைத் தானே முடித்துக்கொள்வதால் வரும் விளைவு இது.

நீளமான தமிழ்ச் சொல்

குச்சிகளை 8 செ.மீ.க்கு நெருக்கிவிட்டால் என்ன ஆகும்? உளுந்தூர்ப்பேட்டை 9 செ.மீ. அது தனி வரியில் நின்றாலும் 1 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மடக்கும் விதி இருந்தும் பயனில்லை. ஏனெனில் இங்கே மடங்க வேண்டியது வரி அல்ல, சொல்.

நெகிழ்வுப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு பொருள், தன்னிலுள்ள மிக நீளமான சொல்லின் அகலத்துக்குக் கீழே சாதாரணமாகச் சுருங்காது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் சிறு சிறு சொற்களாக எழுதுவதை, தமிழில் விகுதியும் வேற்றுமை உருபும் ஒட்டி ஒரே சொல்லாக எழுதுகிறோம். ‘விண்ணப்பிக்கவேண்டியவர்கள்’ என்று ஒரு பொத்தானில் எழுதினால், அதன் அகலம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். ஆங்கிலச் சொற்களை வைத்துச் சோதித்த ஒரு பக்கம், தமிழுக்கு மாறியவுடன் விளிம்பைத் தாண்டுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இதற்கும் வழி உண்டு. உளுந்தூர்ப், பேட்டை என்று பிரிக்கக்கூடிய இடத்தில், ‘தேவையானால் இங்கே பிரிக்கலாம்’ என்னும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றை இட்டுவைக்கலாம். இடம் இருந்தால் சொல் முழுமையாக நிற்கும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் மட்டும் மடங்கும். தமிழ் அச்சில் இணைப்புக்கோடு இல்லாமலே சொல்லைப் பிரித்து எழுதும் பழக்கம் இருப்பதால், இது நம் கண்ணுக்கு உறுத்தாது.

நிரல் எப்போது வேண்டும்?

மடக்குதலை விதியே செய்யுமானால் ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்கு என்ன வேலை? விதிக்குத் தெரியாத செய்தி ஒன்று முடிவில் கலக்கும்போது நிரல் தேவைப்படும். படிப்பவர், “எனக்கு எல்லாவற்றையும் ஒரே வரியில் காட்டு, நான் விரலால் தள்ளிப் பார்த்துக்கொள்கிறேன்” என்று ஒரு பொத்தானை அழுத்தலாம். அல்லது, வரி மடங்கியதும் பெயர்களுக்கிடையே இருந்த பிரிகோடுகளை நீக்க வேண்டியிருக்கலாம். திரையின் அகலத்தையோ பெட்டியின் அகலத்தையோ கேட்கும் விதிகள் சி.எஸ்.எஸ்.ஸிலேயே உள்ளன. ஆனால் அவை அகலத்தைத்தான் கேட்கும். வரி மடங்கியதா என்று கேட்பதில்லை.

நிரலிலிருந்து மடக்குதலை மாற்றுவது எளிது. பெட்டியின் ‘ஸ்டைல்’ பகுதியில் உள்ள இந்தப் பண்புக்கு ‘ராப்’ அல்லது ‘நோராப்’ என்னும் மதிப்பைக் கொடுத்தால் போதும். ஒரு சிறு வேறுபாடு மட்டும் உண்டு. விதிமொழியில் இப்பண்பின் பெயர் நடுவில் சிறுகோடு இட்டு எழுதப்படும். நிரல்மொழியில் அந்தச் சிறுகோடு கழித்தல் குறியாகப் பொருள்படும்; ஃபிளெக்ஸிலிருந்து ராப்பைக் கழி என்று ஆகிவிடும்! ஆகவே கோட்டை நீக்கி, இரண்டு சொற்களையும் ஒட்டி, இரண்டாவது சொல்லின் முதலெழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தாக எழுதுவார்கள். மதிப்பை வெறுமையாக விட்டால், நிரல் இட்ட கட்டளை நீங்கி, பழைய விதி மீண்டும் ஆட்சிக்கு வரும்.

வரி மடங்கிவிட்டதா என்பதை நிரல் எப்படி அறியும்? ஒவ்வொரு பொத்தானின் மேல்விளிம்பு பக்கத்தில் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளக்க வேண்டும். சம உயரமுள்ள பொத்தான்களில், ஒரு பொத்தான் தனக்கு முன்னுள்ளதைவிடக் கீழே இருந்தால், அவ்விடத்தில் வரி மடங்கியிருக்கிறது. நாம் அட்டைகளைக் கண்ணால் பார்த்துச் சொல்வதை, நிரல் அளந்து சொல்கிறது.

மின்சார மணியாக மாறும் பக்கம்

இங்கேதான் பலர் ஒரு பொறியில் விழுகிறார்கள். நிரலில் இப்படி எழுதுகிறார்கள்: “அகலம் மாறும்போதெல்லாம் பார். பொத்தான்கள் விளிம்பைத் தாண்டினால் மடக்கு, தாண்டாவிட்டால் மடக்காதே.” படிக்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடப்பதைப் பாருங்கள். 24 செ.மீ. திரையில் மடக்காத வரி 48 செ.மீ.; தாண்டுகிறது; எனவே நிரல் மடக்குகிறது. மடக்கியவுடன் எதுவும் தாண்டவில்லை. அடுத்த முறை பார்க்கும் நிரல், “தாண்டவில்லையே, மடக்காதே” என்கிறது. உடனே மீண்டும் தாண்டுகிறது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் பக்கம் மாறி மாறித் துடிக்கிறது.

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் மின்சார மணியைப் பார்த்திருப்பீர்கள். மின்னோட்டம் பாய்ந்ததும் மின்காந்தம் இரும்புத் தகட்டை இழுக்கிறது, தகடு நகர்ந்ததும் தொடர்பு அறுந்து மின்னோட்டம் நின்றுவிடுகிறது, காந்தம் வலுவிழக்க, வில் தகட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளுகிறது, மீண்டும் மின்னோட்டம். தன் செயலின் விளைவே தன் காரணத்தை அழிப்பதால் மணி ஓயாமல் அடிக்கிறது. மணிக்கு அது வேலை. பக்கத்துக்கு அது நோய்.

மருந்து எளியது. நம் செயலால் மாறாத ஓர் அளவை வைத்து முடிவெடுக்க வேண்டும். ஒரே வரிக்கு வேண்டிய அகலமாகிய 48 செ.மீ.யை மடக்காத நிலையில் ஒருமுறை அளந்து நினைவில் வைத்துக்கொண்டால், பிறகு வெளிப்பெட்டியின் அகலத்தை அதனோடு ஒப்பிட்டாலே போதும். மடக்கினாலும் மடக்காவிட்டாலும் 48 மாறப்போவதில்லை. பெயர்களோ எழுத்தின் அளவோ மாறினால் மட்டும் மறுபடி அளக்க வேண்டும். அளவிடும் செயலே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஆய்வகத்தில் நாம் கற்கும் முதற்பாடங்களில் ஒன்று. வோல்ட்மீட்டருக்கு மின்தடை அதிகமாக இருக்க வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான்.

அளப்பதற்கும் ஒரு செலவு உண்டு. பெரும்பாலான திரைகள் வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன; ஒரு முறைக்குக் கிடைக்கும் காலம் சுமார் 16.7 மில்லி வினாடி. ஒரு பொத்தானை மாற்றி, உடனே அளந்து, மறுபடி மாற்றி, மறுபடி அளந்தால், ஒவ்வொரு முறையும் உலாவி பக்கத்தின் அமைப்பைப் புதிதாகக் கணக்கிட வேண்டியிருக்கும். விலை குறைந்த கைப்பேசி திணறிப்போகும். எல்லாவற்றையும் முதலில் அளந்துகொண்டு, பிறகு எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுவதே முறை.

எட்டு எழுத்தா, பதினான்கா?

அளக்கும் தொல்லை வேண்டாம், பெயரின் எழுத்துகளை எண்ணி முடிவு செய்யலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். ‘கள்ளக்குறிச்சி’யில் எத்தனை எழுத்து? க, ள், ள, க், கு, றி, ச், சி: எட்டு. ஜாவாஸ்கிரிப்டைக் கேளுங்கள், 14 என்று சொல்லும்! யூனிகோடு எழுத்துமுறையின் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கும், உயிர்மெய்யின் ஒவ்வொரு குறிக்கும் தனித்தனி எண் உண்டு. நிரல் அந்த எண்களைத்தான் எண்ணுகிறது. ‘கல்வராயன்மலை’யும் நமக்கு எட்டெழுத்துதான், நிரலுக்கு அது 12. நம் ஒன்பதெழுத்து உளுந்தூர்ப்பேட்டை நிரலுக்கு 17. இரண்டு எண்ணிக்கைகளில் எதுவும் அகலத்தைச் சொல்லாது. ‘ர’வும் ‘ண’வும் ஒரே அகலமா என்ன?

எண்ணி வெட்டுவதோ இன்னும் ஆபத்து. உளுந்தூர்ப்பேட்டையை 12ஆம் எண்ணோடு வெட்டி மடக்கச் சொன்னால், முதல் வரி ‘ப’ என்னும் எழுத்தில் முடியும். ‘பே’யின் கொம்பு தனியே அடுத்த வரிக்குப் போய், ஒரு புள்ளி வட்டத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு அநாதையாக நிற்கும். கள்ளக்குறிச்சியை 11இல் வெட்டினால் புள்ளிக்கு அந்தக் கதி. உலாவியின் சொந்த மடக்கு விதியோ, ஓர் எழுத்தையும் அதன் குறிகளையும் ஒரே அலகாகக் கொண்டு, அவற்றைப் பிரிக்காமல் விடுகிறது. ஆகவே எழுத்தை வெட்டும் வேலையை நிரலில் நாமே எழுதாமல், விதியிடம் விடுவதே அறிவுடைமை. நிரலில் செய்தே ஆக வேண்டுமென்றால், எழுத்துகளை முறைப்படி பிரித்துத் தரும் ‘இன்டல்’ வகையைச் சேர்ந்த கருவி இன்றைய உலாவிகளில் உள்ளது. அதைப் பயன்படுத்த வேண்டும்.

பேராசையும் முன்யோசனையும்

24 செ.மீ. திரையில் கல்வராயன்மலை மட்டும் கடைசி வரியில் தனித்து நின்றதை மறந்திருக்கமாட்டீர்கள். அந்த அடுக்கு முறைக்குக் கணிதத்தில் பேராசை முறை என்று பெயர். கைக்கு வந்ததை இந்த வரியிலேயே திணித்துவிட்டு, அடுத்த வரியைப் பற்றிக் கவலைப்படாமல் போவதால் இப்பெயர். மூன்று வரிகளிலும் மிஞ்சிய இடம் 4, 6, 16, கூடுதல் 26.

வரிக்கு இரண்டு பெயராக வைத்துப் பாருங்கள். மிஞ்சும் இடம் 10, 9, 7. கூடுதல் இப்போதும் 26தான்! ஆயினும் இதுவே கண்ணுக்கு ஒழுங்காக இருக்கிறது. இதை எண்ணால் காட்ட, மிச்சங்களை வர்க்கப்படுத்திக் கூட்டுவோம். முதல் அடுக்குக்கு 16 + 36 + 256 = 308. இரண்டாவதற்கு 100 + 81 + 49 = 230. வர்க்கப்படுத்தும்போது பெரிய இடைவெளிக்குத் தண்டனை அதிகம். எனவே சமமான பங்கீடு வெல்கிறது. ஒரு பத்தியின் எல்லா வரிகளையும் ஒருசேர நோக்கி, இவ்வாறு மொத்தக் குறையை மிகக் குறைவாக்கும் வழியை டொனால்ட் நூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் வெளியிட்டார்கள். நூத் உருவாக்கிய ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு நிரல் அம்முறையில்தான் வரிகளைப் பிரிக்கிறது.

நம் பொத்தான்களுக்கு அவ்வளவு பெரிய கணக்கு வேண்டாம். வரிகளின் எண்ணிக்கை மாறாமல், பெட்டியை எவ்வளவு குறுக்கலாம் என்று நிரலைக் கண்டுபிடிக்கச் சொன்னால் போதும். 24இல் 3 வரிகள். மிக நீளமான துண்டு 9. இவ்விரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் 16ஐ முயன்றால் 4 வரிகள், ஆகாது. 16க்கும் 24க்கும் நடுவில் 20: 3 வரிகள், சரி. 16க்கும் 20க்கும் நடுவில் 18: சரி. 16க்கும் 18க்கும் நடுவில் 17: சரி. நான்கே முயற்சியில் விடை 17 செ.மீ. என்று கிடைத்துவிட்டது. பெட்டியை 17 செ.மீ. ஆக்கினால், பேராசை முறையே வரிக்கு இரண்டாக அடுக்கிவிடும். மிச்சம் 3, 2, 0. அகராதியில் சொல் தேடும்போது நடுப்பக்கத்தைப் பிரித்து, முன்னா பின்னா என்று பார்ப்போமே, அதே உத்தி. விதியின் வேலையை நிரல் பறித்துக்கொள்ளாமல், விதிக்கு ஏற்ற அளவை மட்டும் தேடிக் கொடுத்தது என்பதைக் கவனியுங்கள்.

யாருக்காக இந்தப் பாடு?

இது அழகுக்காக மட்டும் செய்யும் வேலை அன்று. பார்வை குறைந்தவர்கள் பக்கத்தை நான்கு மடங்கு பெரிதாக்கிப் படிக்கிறார்கள். 1280 பிக்சல் அகலமுள்ள திரையை 400 சதவீதம் பெரிதாக்கினால், பக்கத்துக்குக் கிடைப்பது 320 பிக்சல் அகலம்தான். அதாவது பெரிய கணிப்பொறியின்முன் அமர்ந்திருந்தாலும், அவர்கள் காண்பது சிறிய கைப்பேசியின் பக்கத்தையே. 2018 ஜூனில் வெளியான இணைய அணுகல் நெறிகளின் 2.1ஆம் பதிப்பு, 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் தள்ளாமலே படிக்க முடிய வேண்டும் என்று கேட்கிறது. நிலப்படம், பெரிய அட்டவணை போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு. இந்திய அரசு இணையத்தளங்களுக்கென 2023இல் வெளியான வழிகாட்டு நெறிகளும் அப்பதிப்பை ஒட்டியே அமைந்துள்ளன.

மலைப்பகுதியை இன்னொரு வகையிலும் நினைவில் கொள்ள வேண்டும். குன்றுகளின் மடிப்புகளில் கைப்பேசி அலைகள் தடைபட்டு வலுவிழக்கும். பக்கத்தின் எழுத்தும் விதியும் வந்து சேர்ந்த பிறகு, நிரல் மட்டும் வராமல் நின்றுபோவது நடக்கக்கூடியதே. மடக்கும் பொறுப்பு முழுவதையும் நிரலிடம் ஒப்படைத்திருந்தால், அப்போது பொத்தான் மறைந்தே கிடக்கும். ‘ராப்’ என்னும் ஒரு சொல் விதியில் இருந்தால், நிரல் வராவிட்டாலும் ஆறு பெயர்களும் தெரியும். நிரல் வந்தால் இன்னும் ஒழுங்காகத் தெரியும். அடிப்படை விதியில் இருக்கட்டும். மெருகு நிரலில் இருக்கட்டும். பக்கம் ஆக்கும் எவரும் மனத்தில் கொள்ள வேண்டிய வரிசை இது.

நீங்களே செய்து பார்க்க ஒரு கணக்கு. ஏழாவதாக வாணாபுரத்தை 6 செ.மீ. அட்டையில் எழுதி, கல்வராயன்மலைக்கு அடுத்து வையுங்கள். ஒரே வரிக்கு இப்போது எவ்வளவு அகலம் வேண்டும்? 24 செ.மீ. திரையில் எத்தனை வரிகள் வரும்? அந்த எண்ணிக்கை மாறாமல் பெட்டியை எதுவரை குறுக்கலாம்? 55 செ.மீ., 3 வரிகள், 20 செ.மீ. என்று விடை வந்தால், உங்கள் அடுக்கு சரி. அடுத்து, உங்கள் மாவட்டத்து ஊர்ப்பெயர்களை எழுதி அடுக்கிப் பாருங்கள். உங்கள் பக்கம் எவ்வளவு குறுகிய திரையைத் தாங்கும் என்பதை, அவற்றுள் மிக நீளமான பெயர் உங்களுக்குச் சொல்லிவிடும்.